கையில் தண்ணீர் இருக்கும்போதும் தயம்மும்



வளைகுடா நாடுகளில் பிழைப்புக்காக வாழும் நம் தமிழ் முஸ்லிம் இளைஞர்களிடையே ஒரு நல்ல பழக்கம் பரவி வருகிறது. குளிர்காலம் வந்துவிட்டால் விடுமுறை நாள்களில் கைப்பேசியோடு அறைக்குள் முடங்கிக் கிடக்காமல் மலைகளை நோக்கிப் புறப்படுகிறார்கள். ராஸ் அல் கைமாவின் மலைகள், ஹத்தாவின் கற்பாதைகள், ஓமானின் ஹஜர் மலைத்தொடர் என்று நம் ஊர்ப் பேச்சு ஒலிக்காத இடமில்லை. பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தைப் பாருங்கள் என்றும், மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டிருக்கின்றன என்பதைச் சிந்தியுங்கள் என்றும் அழைக்கும் மார்க்கம் நம்முடையது. ஆகவே, 'மலைமேல் ஏறி என்ன கிடைக்கப் போகிறது?' என்று கேட்கும் பெரியவர்களோடு நமக்கு உடன்பாடில்லை.

நம் கவலை வேறு. மலையேறுவதற்கென்று விலை உயர்ந்த காலணி வாங்குகிறோம், கைத்தடி வாங்குகிறோம், முதுகுப்பையின் தரத்தைப் பற்றி ஒரு வாரம் விவாதிக்கிறோம். ஆனால் நீரற்ற பாறைவெளியில் ஒரு முழுப் பகலைக் கழிக்கும் முஸ்லிமுக்கு மார்க்கம் தந்திருக்கும் ஏற்பாடுகளை எடுத்துக்கொள்ளத் தெரியாமல் போகிறோம். தெரிந்தவர்களோ எடுத்துக்கொள்ளத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தைப் பேணுதல் என்றும் எண்ணிக்கொள்கிறார்கள். அத்தகைய பாதையில் அது பேணுதல் அன்று, உயிருக்கு ஆபத்தும் உடன் வந்தவர்களுக்குச் சுமையுமே என்பது நம் கருத்து.

இதைப் பொதுவாகப் பேசுவதைவிட, சென்ற குளிர்காலத்தில் நாங்கள் நடந்த ஒரு பாதையை முன்வைத்துப் பேசுவது தெளிவாக இருக்கும்.

நாங்கள் எழுவர். மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை ஜும்ஆவை முடித்த பின்னரே புறப்பட்டோம். நிஸ்வா, அல் ஹம்ரா, வாதி குல் வழியாக ஏறத்தாழ 240 கி.மீ. சென்றால் ஜபல் ஷம்ஸின் மேட்டுநிலத்தை அடையலாம். சூரிய மலை என்பது அதன் பொருள். ஓமானின் மிக உயர்ந்த மலை அது. 3,000 மீட்டரைத் தொடுவது. பார்வையாளர் ஏறக்கூடிய தென்சிகரம் 2,997 மீட்டர். வடசிகரம் இராணுவத்தின் பாதுகாப்பில் இருக்கிறது. மேட்டுநிலம் சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால், பாதை மேலும் 1,000 மீட்டர் ஏறுகிறது. ஏற மட்டும் ஐந்து அல்லது ஆறு மணி நேரம். இறங்க நான்கு மணி நேரத்துக்குக் குறையாது.

மணல்மேடுகளைப் பாலைவனமாகப் படங்களில் பார்த்துப் பழகிய நமக்கு, இது வேறுவகைப் பாலை. எங்கும் சுண்ணாம்புக் கல். ஒரு காலத்தில் கடலடியில் படிந்து, பின் நிலம் உயர்ந்தபோது மேலெழுந்த பாறை இது. ஒரு பக்கம் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்துக்குச் செங்குத்தாக இறங்கும் பள்ளத்தாக்கு. எட்டிப் பார்த்தால் அடியில் உள்ள பேரீச்சைத் தோட்டம் பச்சைத் துணித்துண்டு போல் தெரிகிறது. வழியைக் காட்ட மனிதர் எவரும் இல்லை; பாறைகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறங்களில் பட்டை தீட்டியிருக்கிறார்கள், அதைத் தேடித் தேடித்தான் நடக்க வேண்டும். காலடியில் பெயரும் கற்கள். மேலே செல்லச் செல்ல, முறுக்கிக்கொண்டு நிற்கும் ஜூனிப்பர் மரங்கள். பாதையில் தண்ணீர் இல்லை. கிணறில்லை, ஊற்றில்லை, கடையில்லை. முதுகில் சுமந்து செல்வது எதுவோ அதுவே உண்டு.

டிசம்பரில் அங்குப் பகல் குறுகியது. சூரிய உதயத்துக்கும் மஃரிபுக்கும் இடையே பத்தரை மணி நேரம் அளவே கிடைக்கும். மலையேறி இறங்குவதற்கும் ஏறத்தாழ அவ்வளவே வேண்டும். கோடையில் பகல் நீளம்தான். ஆனால் ஓமான் அரசு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நண்பகல் 12:30 முதல் 3:30 வரை வெளியிடங்களில் வேலை வாங்குவதையே தடுத்திருக்கும்போது, சம்பளமும் இல்லாமல் அந்த வெயிலில் போய் நிற்பானேன்?

பயணத்தில் மூவர் இருந்தாலும் ஒருவரை அமீராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வழிகாட்டல். எங்களுள் வயதிலும் மலை அனுபவத்திலும் மூத்தவரான காயல்பட்டினத்துக் காக்கா ஒருவரை அமீராக்கினோம். அவர் இரண்டே விதிகள் சொன்னார். எல்லாரிலும் மெதுவாக நடப்பவர் முன்னால் நடக்க வேண்டும், அமீர் கடைசியாக வருவார் என்பது ஒன்று. நண்பகல் 12 மணிக்கு எங்கே நிற்கிறோமோ அங்கிருந்து திரும்பிவிட வேண்டும், சிகரம் கண்ணெதிரே இருந்தாலும் சரி என்பது மற்றொன்று.

முதல் விதி இளைஞர் சிலருக்குப் பிடிக்கவில்லை. வேகமாக நடக்கக் கூடியவன் மெதுவாக நடப்பவனின் முதுகைப் பார்த்தபடி நடப்பது எரிச்சலூட்டும் காரியம்தான். ஆயினும் இது காக்கா புதிதாகக் கண்டுபிடித்த விதியன்று. பயணங்களில் நபி (ஸல்) அவர்கள் பின்தங்கி வருவார்கள் என்றும், நலிந்தவர்களின் வாகனங்களை ஊக்கி நடத்துவார்கள் என்றும், நடக்க இயலாதவரைத் தம் பின்னால் ஏற்றிக்கொண்டு அவர்களுக்காகத் துஆச் செய்வார்கள் என்றும் ஜாபிர் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். படையின் தலைவர், இறைத்தூதர், வரிசையின் கடைசியில்! இமாமத்துக்கு நியமிக்கப்பட்ட உஸ்மான் இப்னு அபில்ஆஸ் (ரலி) அவர்களுக்கும், ஜமாஅத்தில் மிக நலிந்தவரை அளவாகக் கொள்ளுமாறே கட்டளையிடப்பட்டது. பள்ளிவாசலில் இமாம் நீளமாக ஓதினால் முணுமுணுக்கும் நாம், மலையில் மட்டும் மூட்டுவலிக்காரரைப் பின்னே விட்டுவிட்டுப் போவது என்ன நியாயம்?

இனித் தண்ணீருக்கு வருவோம்.

ஆளுக்கு 4 லிட்டர் சுமந்தோம். குளிர்காலத்திலும் அது வேண்டும். உலர்ந்த மலைக்காற்றில் வியர்வை தெரியாமலே உலர்ந்துவிடுகிறது. மூச்சு வாங்க வாங்க உடலின் ஈரம் வெளியேறுகிறது. குளிரால் தாகமும் அவ்வளவாகத் தோன்றுவதில்லை. நண்பகலில் ஒரு முகட்டை அடைந்தபோது எங்களிடம் ஆளுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் மீதம் இருந்தது. ளுஹருக்கு நேரமாகிவிட்டது. பெரும்பாலோருக்குக் காலை உளூ முறிந்திருந்தது. இளையான்குடித் தோழர் ஒருவர், தொழுகை விஷயத்தில் எங்கள் எல்லாரையும்விடக் கவனமானவர், குந்தியமர்ந்து தம் போத்தலைத் திறந்து கையில் ஊற்றத் தொடங்கினார்.

"தம்பி, மூடியைப் போடுங்க. இன்னும் நாலு மணி நேரம் இறங்கணும்" என்றார் காக்கா.

"தண்ணி கையிலேயே இருக்கும்போது தயம்மும் எப்படி காக்கா கூடும்?"

நியாயமான கேள்வி. நம்முள் பத்துப் பேரில் எட்டுப் பேர் இதையே கேட்போம். தண்ணீர் கிடைக்காவிட்டால் தயம்மும் என்று மதரஸாவில் மனப்பாடம் செய்திருக்கிறோம். தண்ணீர் எதிரே இருக்கிறது, அப்படியானால் உளூத்தானே? ஆனால் சட்ட நூல்கள் அவ்வளவில் நிற்கவில்லை. குடிப்பதற்குத் தேவைப்படும் தண்ணீர், கையில் இருந்தாலும், உளூவைப் பொறுத்தவரை இல்லாத தண்ணீரே. அந்தத் தாகம் இப்போதைய தாகமாக இருக்க வேண்டும் என்பதில்லை. வரப்போகும் தாகமாகவும் இருக்கலாம். நம் தாகமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. உடன் வந்தவரின் தாகமும் கணக்கில் உண்டு. ஏன், உடனிருக்கும் கால்நடையின் தாகம் கூட உண்டு. ஷாஃபிஈ, ஹனஃபி ஆகிய இரு மத்ஹபுகளும் இதில் ஒன்றுபடுகின்றன. அந்த மலையில் மேயும் ஆடு ஒன்று எங்கள் அருகே வந்து போத்தல்களை முகர்ந்துகொண்டிருந்தது. அதற்கும் ஒரு மூடி அளவு ஊற்றினோம். அதைச் சட்ட ஆதாரத்துக்காகச் செய்யவில்லை, அது போக மறுத்ததால் செய்தோம்.

கணக்கிட்டுப் பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்ததாக அறிவிப்பு உண்டு. ஷாஃபிஈ கணக்கில் அது அரை முதல் முக்கால் லிட்டர் வரையிலானது. குழாயைத் திறந்துவிட்டுப் பழகிய நம்மில் எவரும் அவ்வளவு சிக்கனமாகச் செய்வதில்லை. செய்வதாகவே வைத்துக்கொண்டாலும், ஏழு பேருக்கு ஒரு வேளைக்கு மூன்றரை லிட்டர். ளுஹர், அஸர் இரண்டுக்கும் 7 லிட்டர். எங்களிடம் மொத்தமாக மீதமிருந்தது பத்தரை லிட்டர். மிஞ்சும் அரை லிட்டரை வைத்துக்கொண்டு ஒருவர் நான்கு மணி நேரம் கற்சரிவில் இறங்க வேண்டும். எங்களுள் ஒருவர் சர்க்கரை நோயாளி. மற்றொருவருக்கு அப்போதே முழங்கால் தள்ளாடத் தொடங்கியிருந்தது. வழியில் ஒருவர் விழுந்து, இரவு தங்க நேர்ந்தால்?

தயம்மும் என்னும் ஏற்பாடே இத்தகைய ஒரு பயணத்தில் பிறந்ததுதான். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் கழுத்துமாலை தொலைந்தது. அதைத் தேடுவதற்காகத் தண்ணீரற்ற ஓரிடத்தில் படை முழுவதும் தங்கியது. மக்கள் அபூபக்ர் (ரலி) அவர்களிடம் முறையிட்டார்கள். அவர்கள் மகளைக் கடிந்துகொண்டார்கள். விடியும்போது தயம்முமின் வசனம் இறங்கியிருந்தது. பின்னர் ஒட்டகத்தை எழுப்பியபோது மாலை அதன் அடியிலேயே கிடந்தது. ஒரு மாலையின் பொருட்டு வந்த சிரமம் உம்மத் முழுமைக்கும் இலேசாக முடிந்தது.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்ச்சியும் அபூதாவூத் தொகுப்பில் உண்டு. பயணத்தில் ஒருவரின் தலையில் கல் பட்டுக் காயம் உண்டாயிற்று. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையானது. எனக்குத் தயம்மும் சலுகை உண்டா என்று தோழர்களைக் கேட்டார். உங்களால் தண்ணீரைப் பயன்படுத்த முடியும்போது சலுகை இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்தார். செய்தி எட்டியபோது நபி (ஸல்) அவர்கள் கொண்ட கோபம் சாதாரணமானதன்று. அவரை அவர்கள் கொன்றுவிட்டார்கள் என்னும் கருத்துப்படக் கடுமையாகப் பேசினார்கள். தெரியாவிட்டால் கேட்டிருக்கக் கூடாதா என்றும், அறியாமை எனும் நோய்க்குக் கேட்பதே மருந்து என்றும் உணர்த்தினார்கள். அந்தத் தோழர்கள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள்: தண்ணீர் இருக்கிறதே. அன்று மலைமுகட்டில் எழுந்த கேள்வியும் அதுவே.

அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களோ, தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையாகியும், குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சித் தயம்மும் செய்து தோழர்களுக்குத் தொழவைத்தார்கள். உங்களை நீங்களே கொன்றுகொள்ளாதீர்கள் என்னும் கருத்துடைய இறைவசனத்தைக் காரணமாகச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள். மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. அங்கே கோபம், இங்கே சிரிப்பு. மார்க்கத்தில் இலேசாக்கலை எப்படிப் பார்க்க வேண்டும் என்று அறிய விரும்புவோர் இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கட்டும்.

இளையான்குடித் தோழர் போத்தலை மூடினார். ஆனால் அவர் முகத்தில் நிறைவு இல்லை. அவரைக் குறை கூற மாட்டோம். நம் ஊர்களில் பள்ளிவாசலுக்குப் பள்ளிவாசல் ஹவுள் இருக்கிறது. நிறைந்த நீரில் கைகால்களைக் கழுவித் தொழுது வளர்ந்தவர்கள் நாம். தயம்மும் என்பது நமக்கு மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கும் வாப்பாவுக்கு, உம்மாவுக்குச் செய்துவிடுவது. திடகாத்திரமான ஒருவன் மண்ணைத் தடவிக்கொண்டு தக்பீர் கட்டினால் தொழுதது போலவே தோன்றுவதில்லை. வாயால் கற்ற சட்டத்தை உடல் கற்கவில்லை. பழகாத ஒன்றை நெருக்கடியில் மட்டும் எப்படி மனம் ஏற்கும்?

இனி நடைமுறைக்கு உதவும் செய்திகள் சில. பாறைமலையில் தயம்மும் செய்வதில் மத்ஹப் வேறுபாடு உண்மையிலேயே குறுக்கிடுகிறது. ஹனஃபிகளுக்குச் சுத்தமான வெறும் பாறையில் கை அடித்தாலும் போதும். ஷாஃபிஈகளுக்குப் புழுதியுள்ள மண் வேண்டும். காற்று துடைத்துவிட்ட சுண்ணாம்புப் பாறையில் புழுதிக்கு எங்கே போவது? ஜூனிப்பர் மரத்தடிப் பள்ளம் ஒன்றில் கொஞ்சம் இருந்தது. காக்காவின் பையில் சிறிய துணிப்பொட்டலத்தில் சுத்தமான உலர்மண்ணும் இருந்தது. ஒரு பிடி மண் என்ன கனம் கனத்துவிடும்? ஷாஃபிஈகள் நேரம் வந்த பின்னரே தயம்மும் செய்ய வேண்டும் என்பதையும், ஒவ்வொரு ஃபர்ளுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்பதையும் மறக்கலாகாது.

ளுஹரைக் கஸ்ராக இரண்டு ரக்அத் ஜமாஅத்துடன் தொழுதோம். அங்கே கிப்லா ஏறக்குறைய நேர் மேற்கு. குளிர்காலத்தில் சூரியன் மேற்கிலிருந்து நன்றாகத் தெற்கே விலகி மறைவதால், அது சாயும் திசையை வைத்து முடிவு செய்தால் கிப்லா தவறும். ஷாஃபிஈகள் ஐவரும் மறுபடி தயம்மும் செய்து அஸரையும் ஜம்உ ஆக அப்போதே தொழுதார்கள். ஹனஃபிகள் இருவருக்கும் பயணத்தில் கஸ்ர் உண்டே தவிர அப்படி ஜம்உ இல்லை. அஸரின் நேரமும் அவர்களுக்குப் பிந்தியே தொடங்கும். அவர்கள் அஸரைக் கீழே முகாமில், குழாய்த் தண்ணீரில் உளூச் செய்து, மஃரிபுக்கு முன் தொழுதுகொண்டார்கள். இளையான்குடித் தோழரின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. ளுஹரையும் தாமதித்து முகாமில் சேர்த்துத் தொழலாமே என்று ஷாஃபிஈ இளைஞர் ஒருவர் கேட்டார். அவர்களுக்கு அதுவும் கூடும். ஆனால் பிற்பகலில் இறங்கும்போது எது நேரும் என்று யாருக்கும் உறுதியில்லை என்பதால், கையில் இருக்கும் நேரத்தில் தொழுதுவிடுவதைக் காக்கா விரும்பினார். எழுவர் சேர்ந்த இடத்தில் இரு மத்ஹபுகள், மூன்று கருத்துகள். ஒரு வாக்குவாதமும் இல்லை. ஊரில் இப்படி நடந்திருந்தால் இரண்டு ஜமாஅத்துகள் உருவாகியிருக்கும்.

மலஜலம் கழிப்பதிலும் தண்ணீரைப் பற்றிய அதே தயக்கம்தான். கற்களால் சுத்தம் செய்வது நிறைவேறும். உலர்ந்த கற்கள், குறைந்தது மூன்று. மக்கள் நடக்கும் பாதையிலும் அமரும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தைக் கொண்டுவரும் என்ற எச்சரிக்கையை, ஐந்து மணி நேரத்துக்கு நான்கே நல்ல நிழல்மரங்கள் உள்ள மலையில் நின்றுகொண்டு நினைத்துப் பாருங்கள். ஆரஞ்சுத் தோலையும் பிஸ்கட் உறையையும் மரத்தடியில் போடுபவர்களுக்கும் இதைச் சொல்லி வைக்கிறோம்.

சிகரத்தை நாங்கள் அடையவில்லை. 12 மணிக்கு அது தெளிவாகத் தெரிந்தது. இன்னும் ஒரு மணி நேர ஏற்றம். இளைஞர் இருவர், நாங்கள் மட்டும் ஓடிப்போய்த் தொட்டுவிட்டு வருகிறோம் என்று காக்காவிடம் மன்றாடினார்கள். அவர் தம் கைக்கடிகாரத்தைக் காட்டியதோடு சரி. அமீருக்குக் கட்டுப்படுவது பிடித்தமான காரியத்தில் மட்டும் என்றால் அமீர் எதற்கு? இறங்கும் வழியில் முழங்கால் வலித்தவரின் பையை அவ்விருவரே மாறி மாறிச் சுமந்தார்கள். நாலரை மணிக்கு முகாம் சேர்ந்தபோது எழுவரிடமும் சேர்த்து 2 லிட்டருக்கும் குறைவாகவே மிச்சம்.

இத்தகைய நடைகளைப் பற்றி ஒரு குறையும் உண்டு. இவை ஆண்களின் பொழுதுபோக்காகவே இருக்கின்றன. வாரம் முழுவதும் அடுக்குமாடி வீட்டின் நான்கு சுவர்களுக்குள் இருப்பவர்கள் நம் மனைவியரும் பெண்மக்களும். விடுமுறையில் மலைக்காற்று வாங்கப் போகிறவர்கள் நாம். தயம்முமின் வசனம் இறங்கிய பயணத்தில் அன்னை ஆயிஷா (ரலி) உடனிருந்தார்கள். மற்றொரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் அவர்களோடு ஓட்டப் பந்தயம் ஓடியதையும் ஹதீஸ் நூல்கள் சொல்கின்றன. சிகரப் பாதை எல்லாருக்கும் ஏற்றதன்று. ஆனால் அதே ஜபல் ஷம்ஸில், பள்ளத்தாக்கின் விளிம்பையொட்டி, கைவிடப்பட்ட பழைய கிராமம் ஒன்றுக்குச் செல்லும் பாதை இருக்கிறது. போக 4 கி.மீ., வர 4 கி.மீ. ஏற்ற இறக்கம் குறைவு. விளிம்பில் தடுப்பு இல்லாததால் கைக்குழந்தைகளையும் ஓடித்திரியும் சிறுவர்களையும் அழைத்துச் செல்லலாகாது. பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் பெற்றோருடன் தாராளமாக நடக்கலாம்.

வரும் குளிர்காலத்தில் குடும்பங்களோடு அங்கே செல்ல எண்ணியிருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அவரவர் பையில் அவரவர் தண்ணீரும் ஒரு சிறு மண்பொட்டலமும் இருக்கும். ளுஹர் அந்தப் பழைய கிராமத்துச் சுவர்களின் நிழலில். இம்முறை அமீர் யார் என்பது இன்னும் முடிவாகவில்லை; காக்காவின் வீட்டம்மா தம் கணவருக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறார்.